"ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள்: தோலும் மனமும் – வாசகர் கேள்வி பதில்

மும்பை வாசகர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் தோலைப் பற்றியவை. வாசித்துப் பார்த்தால் எல்லாமே மனசையும் பற்றியவை. அதனால் ஒரு தோல் மருத்துவரும் ஒரு மனநல உளவியலாளரும் சேர்ந்து பதில் சொல்கிறோம். எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: தழும்பு எத்தனை சென்டிமீட்டர் என்பதோடு, அதனால் எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள் என்றும் கேட்போம். கட்டைவிரல் நகம் அளவு மங்கு ஒருவரை வீட்டிலேயே முடக்கிப்போடும். உடம்பு முழுக்கச் செதில் உள்ள இன்னொருவர் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவார். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுத முடியாது.

கேள்வி: இரண்டு வருஷமாகக் கெமிஸ்ட் கடையில் கொடுத்த கிரீமைப் போடுகிறேன். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பருவும் கிளம்புகிறது. அந்த முகத்தோடு வேலைக்குப் போகக் கூச்சம். கிரீம் இல்லாமல் இருக்கவே முடியாதா? – வாசகி, தாராவி

முடியும். முதலில் ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூஓசினோலோன், இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நம் ஊரில் அதிகம் புழங்குவது மூன்று மருந்து சேர்ந்த கலவை: ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. மங்குக்காக டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து இது. சிவப்பழகு கிரீம் அல்ல. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுண்ட்டரில் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

உள்ளே நடப்பது இதுதான். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமி உண்டாவதையும் குறைக்கும். முதல் மாதம் பார்த்த பளிச் அதுதான். மாதக்கணக்கில் போடும்போது தோல் மெலியும், குழாய்கள் இறுக்கத்துக்குப் பழகிவிடும். நிறுத்தினதும் ஒரேயடியாக விரியும். எரிச்சலும் சிவப்பும் அதனால் வருபவை. "என் தோலே இப்படித்தான், கிரீம்தான் காப்பாற்றுகிறது" என்று நினைத்து மறுபடி எடுப்பீர்கள். எரிச்சலைத் தருவதும் தணிப்பதும் ஒரே ட்யூப் என்பதால் பழக்கம் விடாது.

நிறுத்தும் முறையைத் தோல் மருத்துவர் முடிவு செய்யட்டும். வீரியமான ஸ்டீராய்டை வருஷக்கணக்கில் போட்டவர்களுக்குச் சிலசமயம் ஹைட்ரோகார்ட்டிசோன் 1% போன்ற மென்மையானதற்கு மாற்றி, தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சில வாரங்களில் குறைப்போம். பலருக்கு நேரடியாக நிறுத்தி, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும், பரு அதிகமென்றால் டாக்சிசைக்ளின் எனும் ஆன்டிபயாட்டிக்கும் தருவோம். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் தானும் கொஞ்சம் எரியும். அது ஒவ்வாமை என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சொற்பம். நுரை அதிகம் வராத க்ளென்சரால் இரண்டு வேளை கழுவல், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் போடுங்கள். மும்பை வியர்வைக்கு ஜெல் வகை ஒத்துக்கொள்ளும். எரியும்போது குளிர்ந்த ஈரத்துணி பத்து நிமிஷம். ஃபேஷியல், ப்ளீச், ஸ்க்ரப், எலுமிச்சை, தக்காளி எதுவும் வேண்டாம். வழக்கமாக முதல் இரண்டு வாரம்தான் ரொம்பக் கஷ்டம். பலர் அந்த நாட்களில், "இன்று ஒரு நாள் மட்டும்" என்று ட்யூபைத் திறந்து, எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். முழுக்க அடங்கச் சில மாதங்கள் ஆகும்.

அதனால் அந்த இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். கல்யாணம், இன்டர்வியூ இல்லாத மாதமாகப் பாருங்கள். வேலையிடத்தில் ஒருவரிடமாவது "மருந்து மாத்தியிருக்காங்க, கொஞ்ச நாள் முகம் சிவப்பா இருக்கும்" என்று சொல்லிவையுங்கள். கேட்கிற மற்றவர்களுக்கும் அதே வாக்கியம் போதும். தினமும் கண்ணாடியில் ஆராய வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே தூரத்தில் ஒரு போட்டோ. முன்னேற்றம் அதில்தான் தெரியும். லீவு எடுப்பதானால் முதல் ஓரிரு நாளோடு நிறுத்துங்கள். கூச்சத்துக்காக வீட்டிலிருந்தால், திரும்பப் போகிற நாளில் கூச்சம் கூடியிருக்கும்.

ட்யூபில் மூலப்பொருள் பட்டியலே இல்லையா? உற்பத்தியாளர் முகவரியும் இல்லாத வெளிநாட்டு டப்பாவா? அப்படியானால் பாதரசத்தைச் சந்தேகியுங்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு துணைவகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். சிறுநீர் நுரைத்துப் போவது, கால் வீங்குவது இருந்தால் உடனே சிறுநீரில் புரோட்டீன் பரிசோதனை செய்யுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மூக்கு அகலம், கன்னத்தில் குழி என்று ஓயாமல் சொல்கிறான். யார் கண்ணுக்கும் அப்படித் தெரியவில்லை. நாள் முழுக்க செல்போன் கேமராவில் முகத்தைப் பார்க்கிறான். காலேஜுக்குச் சரியாகப் போவதில்லை. மூன்று ஸ்கின் கிளினிக் பார்த்தாயிற்று, இப்போது லேசர் வேண்டும் என்கிறான். "ஒண்ணுமே இல்லடா" என்று எத்தனை தடவை சொல்வது? – ஓர் அம்மா, செம்பூர்

அம்மா, அந்த வாக்கியத்தை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அவன் காதில் விழுவது "நீ பொய் சொல்றே" என்பது. சொன்ன ஐந்து நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடி கேட்பான். ஆறுதலும் கண்ணாடி பார்ப்பது மாதிரியே ஒரு பழக்கமாகிவிடுகிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உடல் தோற்ற மனப்பிறழ்வு இருக்கலாம். நூறில் சுமார் இரண்டு பேருக்கு உண்டு. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமம். கர்வமோ சோம்பலோ அல்ல. தோல் கிளினிக்கிலும் அழகு சிகிச்சை நிலையத்திலும் இவர்கள் இன்னும் அதிக விகிதத்தில் வருகிறார்கள். அவர்கள் போக நினைக்கும் இடம் அதுதானே! நாங்கள் கேட்கும் முதல் கேள்வி: ஒரு நாளில் இதைப் பற்றி மட்டும் எவ்வளவு நேரம் யோசிக்கிறாய்? ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அடுத்தது: இதனால் எதைத் தவிர்க்கிறாய்? காலேஜ், போட்டோ, வெளிச்சமான இடம், லோக்கல் ரயிலில் எதிர் சீட் என்று பதில் நீண்டால் சந்தேகம் வலுக்கும். அடிக்கடி சரிபார்ப்பது, தொப்பியாலோ முடியாலோ மறைப்பது, மற்றவர் மூக்கோடு ஒப்பிடுவது, திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் இதன் கூறுகள்.

செல்போன் கேமராவும் நியாயமாக நடந்துகொள்வதில்லை. 2018-ல் வந்த ஓர் ஆய்வுக் கணக்குப்படி, 30 சென்டிமீட்டரில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட சுமார் 30% அகலமாகத் தெரியும். அருகில் இருப்பது பெரிதாக விழும், அவ்வளவுதான். இதை அவனுக்கு ஒருமுறை சொல்லலாம். ஆனால் வாதத்துக்குச் சாட்சியாக்காதீர்கள். இந்த நோய் தர்க்கத்தால் தோற்பதில்லை.

லேசருக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த நோயோடு அழகு சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மனக்கஷ்டம் குறைவதில்லை. கவலை மூக்கிலிருந்து தாடைக்கு இடம் மாறும், அல்லது "டாக்டர் கெடுத்துட்டார்" என்று தொடரும். நிஜமாகவே பருக்குழி இருக்கிறதா என்பதை ஒரே தோல் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். இருந்தாலும் மனநல சிகிச்சை தொடங்கி நிலைத்த பிறகே ஊசியும் லேசரும்.

பலன் தருபவை இரண்டு. ஒன்று, இந்த நோய்க்கென்று வடிவமைத்த சி.பி.டி. எனும் எண்ண-நடத்தை சிகிச்சை. வாரம் ஓர் அமர்வு, பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு வரை போகும். இதில் பயப்படும் காரியங்களை ஏணிப்படி போட்டு, கீழ்ப்படியிலிருந்து செய்ய வைப்போம்: தொப்பி இல்லாமல் பால் வாங்கப் போவது, பிறகு கேன்டீன், பிறகு முதல் பெஞ்ச். கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. கை நீட்டும் தூரத்துக்கு அருகே போகாமல் நின்று, தலை முதல் கால்வரை பார்த்து, "அசிங்கம்" போன்ற சொல் இல்லாமல் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் சொல்லி, நகர்ந்துவிட வேண்டும். மற்றது எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனும் மனச்சோர்வு மருந்து வகை மாத்திரை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம். பலனைத் தீர்மானிக்க 12 முதல் 16 வாரம் வேண்டும். ஒரு மாதத்தில் "வேலை செய்யலை" என்று நிறுத்துவதுதான் சிகிச்சை தோற்பதற்கு அடிக்கடி காணும் காரணம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரங்கள் மாத்திரை தொடங்கியதும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அவனை எப்படி அழைத்துப் போவது? மூக்கைப் பேசாமல், அவன் இழந்ததைப் பேசுங்கள். "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுதுப்பா. மூக்கைப் பத்தி இனிமே நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. தூக்கம் போச்சு, காலேஜ் போச்சு, அதுக்கு யாரையாவது பார்ப்போம்." பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். சயான், பரேல் கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் தோல் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் உண்டு. காலை ஓ.பி.டி.க்கு (புறநோயாளிப் பிரிவு) போய் கேஸ் பேப்பர் போட்டால் போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம். "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனை. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. கழுத்தும் அக்குளும் கருத்துத் தடித்திருக்கிறது. அழுக்கு என்று மாமியார் தினமும் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார். பள்ளியில் கேலி. – முலுண்டு

தேய்ப்பதை நிறுத்துங்கள், உரசல் இன்னும் கருப்பாக்கும். வெல்வெட் மாதிரித் தடித்த கருமை பெரும்பாலும் அழுக்கல்ல, ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடுவதன் அடையாளம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் மகளிர் மருத்துவரிடமும் காட்டுங்கள். எடை அதிகமிருந்தால் நடையும் உணவு மாற்றமும் உள்ளிருந்து குறைக்கும், மாதங்கள் ஆகும். வெளியே யூரியா அல்லது லாக்டிக் அமிலக் களிம்பு மென்மையாக்கும்.

எடையைப் பற்றி வீட்டில் பேசும்போது அளந்து பேசுங்கள். "குண்டு", "கருப்பு" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விழும் வார்த்தையிலிருந்து பட்டினிக்கும் ஒளித்துத் தின்பதற்கும் போகும் பெண்களைப் பார்க்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல், எல்லோரும் ஒன்றாக நடை. பாட்டிக்குக் கோபம் வந்தால் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு 24 வயது. கைவிரலிலும் உதட்டோரமும் வெண்புள்ளி. வரன் பார்க்கிறோம். முழுக்கை போட்டு மறைத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். அவள் யாரோடும் பேசுவதையே நிறுத்திவிட்டாள். – மாட்டுங்கா

வரனை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். அவள் பேசாமல் இருப்பதுதான் இப்போது அவசரம்.

வெண்புள்ளி ஒட்டாது. குஷ்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது. தைராய்டு கோளாறும் கூடவே வருவதுண்டு என்பதால் டி.எஸ்.ஹெச். எனும் ரத்தப் பரிசோதனை பாருங்கள். புதிதாகப் பரவுகிறதா, நிலையாக நிற்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். முகத்துக்கு டாக்ரோலிமஸ் 0.1%, பரந்த இடங்களுக்கு வாரம் இரண்டு மூன்று முறை நேரோபேண்ட் யு.வி.பி. எனும் புற ஊதா ஒளிச் சிகிச்சை. மூன்று மாதத்துக்கு முன் பலனைக் கணிக்க முடியாது. கன்னமும் கழுத்தும் நன்றாகத் திரும்பும். விரல் நுனியும் உதடும் பிடிவாதம் பிடிக்கும், உங்கள் மகளுக்கு அங்கேதான் இருக்கிறது. இதை ஆரம்பத்திலேயே சொல்லாமல் ஆசை காட்டும் இடத்துக்குப் போகாதீர்கள். ஒரு வருஷமாக நிலையாக இருந்தால் தோல் ஒட்டு சிகிச்சையும் வழிதான்.

ஒட்டுப்பொட்டு வைப்பவளா? சில ஸ்டிக்கர்களின் பசையிலுள்ள ரசாயனம் நெற்றியில் வெள்ளை விழச் செய்யும். சாந்துக்கு மாறட்டும். அடிபட்ட, உரசிய இடத்தில் புதுப் புள்ளி வரும் என்பதால் இறுக்கமான வளையலும் வேண்டாம்.

மறைப்பதா என்ற கேள்விக்கு: தண்ணீரில் போகாத கேமஃபிளாஜ் மேக்கப் அவள் விருப்பம். ஆபீஸுக்கோ விசேஷத்துக்கோ போட்டுக்கொள்ளட்டும். வரனிடம் மறைப்பது வேறு விஷயம். ஜாதகம் கொடுக்கும் கட்டத்திலேயே பெற்றோர் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "கையில் வெண்புள்ளி இருக்கு, ஒட்டாது, சிகிச்சை நடக்குது." பெண் பார்க்க வந்து உட்கார்ந்த பிறகு அவள் வாயால் சொல்ல வைக்காதீர்கள். விலகுகிறவர்கள் போனிலேயே விலகிவிடுவார்கள், அவளுக்கு அந்தக் காட்சி நேராது. குழந்தைக்கு வருமா என்று கேட்பார்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு மூன்றும் குறைந்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். புள்ளி மறைந்தால் சரியாகும் என்று காத்திராமல் தனியாகச் சிகிச்சை எடுங்கள்.

கேள்வி: சொரியாசிஸ். டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கலில் போகிறேன். கையில் செதிலைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளிப்போகிறார்கள். இரவில் குடித்தால்தான் தூக்கம். – வாசகர்

அவ்வளவு நெரிசலிலும் உங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாவது எப்படி வலிக்கும் என்று புரிகிறது. ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "யே ஃபைல்தா நஹீ." பரவாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டு போனைப் பாருங்கள், விளக்கவுரை தேவையில்லை.

குடி இரண்டு வழியில் கெடுக்கிறது. சொரியாசிஸையும் மனச்சோர்வையும் கூட்டும். சொரியாசிஸுக்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுப்பவரானால் ஈரலையும் சேர்த்து. அந்த மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கி உயிர் போனவர்கள் உண்டு. கிழமையை அட்டையிலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள், ஃபோலிக் அமிலத்தை வேறு கிழமையில் வையுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சீக்கிரம் அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். அதன் வீரியம் இறங்கியதும் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பலாம். காலையில் விரல் மூட்டு அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் சொல்லுங்கள், மூட்டைத் தாக்கும் வகை இருக்கலாம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் குறையுங்கள்.

கேள்வி: ஆபீஸ் கால் பேசும்போது என்னையறியாமல் தாடையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறேன். ரத்தம் வந்த பிறகுதான் தெரிகிறது. கட்டுப்பாடு இல்லாதவள் என்று கணவர் சொல்கிறார். – வாஷி

கணவருக்கு: இது தோல் கிள்ளும் கோளாறு. 2013 முதல் மனநல வகைப்பாட்டில் தனி நோயாகவே இருக்கிறது. திட்டினால் வெட்கம் கூடும், வெட்கம் கூடினால் கிள்ளுவதும் கூடும்.

ஒரு வாரம் கிள்ளலை நிறுத்த முயலாமல் எழுதி மட்டும் வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த அறையில், எந்த விரல், அதற்குச் சற்று முன் என்ன மனநிலை. உங்களுக்குப் பெரும்பாலும் அழைப்பு நேரத்தில் இடது கை என்று தெரியவரும். இனி கை தாடைக்கு ஏறத் தொடங்கும்போதே, தொட்ட பிறகு அல்ல, முஷ்டியை மூடி தொடைமேல் அழுத்தி ஒரு நிமிஷம் வையுங்கள். மீட்டிங்கில் யாருக்கும் தெரியாது. கூடவே சூழலை மாற்றுங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை அகற்றுங்கள், குளியலறை விளக்கை மங்கலாக்குங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பரு இருக்குமிடத்தில் ஹைட்ரோகொலாய்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் புண்ணையும் ஆற்றும், விரலுக்குப் பிடி கிடைக்காமலும் செய்யும். பருவுக்குத் தனியாக மருந்து போடுங்கள். கிள்ளுவதற்கு மேடு இல்லையென்றால் பாதி வேலை முடிந்தது. ஒரு மாதத்தில் குறையாவிட்டால் பழக்கம் மாற்றும் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் போங்கள். என்-அசிட்டைல்சிஸ்டைன் எனும் மருந்து சிலருக்கு உதவுகிறது, டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மனநல சிகிச்சைக்கு மெடிக்ளெய்ம் கிடைக்குமா? – அந்தேரி

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 21(4) பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாராவாரம் போகும் கவுன்சிலிங்குக்கு உங்கள் பாலிசியில் ஓ.பி.டி. பலன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் குரூப் பாலிசி என்றால் ஹெச்.ஆரிடம் "ஓ.பி.டி. உண்டா" என்று மட்டும் கேட்டால் போதும், நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.